தெற்குக் கோபுர அஞ்சலட்டை

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய புத்தகக் கடையில், பாச்சை உருண்டை வாசனையோடு கைக்கு வந்த பட அஞ்சலட்டையில் எங்கள் தெரு இருந்தது. ஸ்ரீரங்கத்துத் தெற்குக் கோபுரம் மேல்நிலைகள் கட்டப்படாமல் மொட்டையாக நின்ற காலத்தில், அதன் எதிரே அப்பா வாழைப்பழக் கடை போட்டிருந்த தெரு.

பழுக்கப் போட்ட தார்களின் புகை மணமும், குதிரை வண்டிகளின் லாடச் சத்தமும், யாரையாவது வைதுகொண்டே பூத்தொடுக்கும் பூக்காரம்மாவின் குரலும் கலந்துதான் எனக்குப் பொழுது விடியும்.

படமெடுக்க ஆள் வந்த காலையில் தெருவே தலைவாரிப் பவுடர் பூசி நின்றது. அவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கோபுரம் மறையுதுங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். முதலில் கடையின் சாக்குப் படுதாவை அவிழ்த்தது அப்பாதான். "பெருமாளுக்குக் குறுக்க நாம எதுக்குங்க?" என்று எல்லாரிடமும் போய்ச் சொன்னார். பூக்காரம்மா கூடையைத் தூக்கினாள், குதிரைகள் சந்துக்குள் போயின, நாங்கள் சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தப் பணிவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு கடைகளை ஒரேயடியாக அகற்றிவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அவருக்கென்று ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. அட்டையை வெளிச்சத்தில் சாய்த்து, ஓரத்தில் ஒரு முழங்கையாவது தெரிகிறதா என்று தேடினேன். மண்ணும் கோபுரமும்தான் இருந்தன.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எடுத்துக்குங்கம்மா, இந்த மாதிரி கிடைக்காது. ஒரு ஆள் குறுக்க இல்ல பாருங்க."