இல்லையா என்றதற்கு ஒரு யெஸ்

தமிழில் ஒருவர் "உங்களிட்டை இல்லையோ?" என்று கேட்டால், இல்லாதவர் "ஓம்" என்பார். ஓம், இல்லை. இதில் என்ன குழப்பம்? ஆனால் அந்த ஓமை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதில் என் நேர்சிங் படிப்பே கவிழப் பார்த்தது.

அப்போது டூட்டிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். கலியாணமாகி லண்டனுக்கு வந்த கையோடு படிக்கலாம் என்றிருந்தேன், மூத்தவள் வந்துவிட்டாள். அவள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று பார்த்தால் சின்னவன் வந்துவிட்டான். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இவர், என் மனுசன், சொன்னார்.

"இஞ்சை பாரும், இனி உம்மடை முறை. நான் இரவு ஷிப்டுக்கு மாறுறன். பின்னேரத்திலை பிள்ளையளை நான் பாக்கிறன். நீர் போய்ப் படியும்."

சொன்னபடியே மாறினார். பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு அரைகுறையாகத் தூங்குவார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிற்று. இந்த மனுசனை இப்படி எத்தனை வருடம் வாட்டுவது? ஆகவே ஒரு வருடமும் வீணாகக்கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன்.

ஊரில் படித்த சான்றிதழ்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. அதனால் இங்கே ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பரீட்சையில் ஆங்கிலமும் கணிதமும் தேற வேண்டும். அதோடு கல்லூரியில் ஒரு வருட அக்சஸ் கோர்ஸ். அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் எடுப்பார்கள். முதல் வருடம் ஆங்கிலம் தேறினேன். அடுத்த வருடம் அக்சஸையும் கணிதத்தையும் சேர்த்து எடுத்தால் அந்த செப்டெம்பரிலேயே நேர்சிங். என் திட்டம் அதுதான்.

பதிவுக்குப் போனேன். கல்லூரி ஆலோசகர், கானாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். கணினியைப் பார்த்தபடி கேட்டார், ஆங்கிலத்தில்தான்: "இங்லிஷ் முடித்துவிட்டீர்கள். மாற்ஸ் இல்லையா?"

"யெஸ்" என்றேன் பெருமையாக. யெஸ், கணிதம் இல்லை, அதையும் போடுங்கள் என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே எதையோ தட்டினார்.

கால அட்டவணை வந்தது. அதில் கணிதம் இல்லை.

"கணக்குப் பாடத்தைக் காணேல்லையே?" என்றார் இவர்.

"கிறிஸ்மஸ் முடிய வரும். இஞ்சத்தைக் கொலிஜைப் பற்றி உங்களுக்கென்ன தெரியும்?"

"ஒருக்கால் கேட்டுப் பாருமன்."

"சும்மா இருங்கோ!"

வாய் எனக்குக் கொஞ்சம் கூடத்தான். கிறிஸ்மஸ் முடிந்தது. பாடம் வரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து இடம் வந்தது: அக்சஸோடு கணிதமும் இந்தக் கோடையில் தேறினால் சேரலாம். துள்ளிக்கொண்டு ஆலோசகரிடம் போய், "என் மாற்ஸ் வகுப்பு எந்த நாள்?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். "உங்களிடம் மாற்ஸ் இருக்கிறதே! நான் இல்லையா என்று கேட்டேன், நீங்கள் யெஸ் என்றீர்கள்."

"அதுதானே சொன்னேன். யெஸ், இல்லை!"

 அவர் நெற்றியில் கையை வைத்தார். "கடவுளே! என் அம்மாவும் இப்படித்தான் சொல்வார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

கோடைப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது என்றார். மாலை வகுப்பும் நிரம்பிவிட்டதாம். இவருடைய கறுத்த கண்கள்தான் நினைவுக்கு வந்தன. இன்னொரு வருடம் இரவு வேலை செய் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? அந்த அறையிலேயே அழுதுவிட்டேன்.

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். முதலில் என் பெயரைப் பரீட்சைக்குக் கொடுத்தார். பிறகு, தன்னிடம் வருபவர்கள் உட்காரும் பச்சைக் கதிரையை, நான் எழும்பியதும், அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். மாடியில் கணித வகுப்புக் கதவைத் தள்ளித் திறந்து, "இடமில்லை என்று சொல்லாதீர்கள், கதிரையோடு வந்திருக்கிறேன்" என்றார் ஆசிரியரிடம். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு மூலையைக் காட்டினார்.

கணிதம் ஊரில் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் இங்கே கேள்வியை விளங்கிக்கொள்ளவே மூச்சு வாங்கியது. அந்தக் கதிரையில் இருந்து படித்தேன். இடையில் ஆலோசகரின் அறைக்குப் போனபோதெல்லாம் வந்தவர்கள் நின்றுகொண்டுதான் பேசினார்கள். புதுக் கதிரை கேட்டிருக்கிறேன், இன்னும் தருகிறார்கள் இல்லை என்று அவர் சிரிப்பார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், நெஞ்சு நிறைந்தும் போகும். உடன்பிறந்தவள் கூட இப்படிச் செய்வாளா தெரியாது.

இந்த நாட்டுக்காரரின் யெஸ்ஸையும் பழகினேன். இல்லையா என்று கேட்டால், இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. முதியோர் இல்லத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "தேத்தண்ணி குடிக்கவில்லையா?" என்று அவர்கள் என்னைக் கேட்பார்கள், நான் ஒருகணம் யோசித்துச் சரியாகச் சொல்வேன்.

ஓகஸ்டில் முடிவு வாங்கக் கல்லூரிக்குப் போனேன். தேறிவிட்டேன். இவருக்குப் போன் அடித்தேன், தூக்கத்தில் எழும்பி, "என்னப்பா, உண்மையோ?" என்று கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அழுதபடியே மாடிக்குப் போய்ப் பச்சைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆலோசகரின் அறையில் வைத்தேன்.

என் முகத்தைக் கண்டதும் அவர் எழும்பிவிட்டார். "பாஸ் இல்லையா?"

எத்தனை மாதம் பழகியது! திருத்தமான ஆங்கிலத்தில், "யெஸ்!" என்றேன்.

அவருடைய முகம் விழுந்துவிட்டது. ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "பரவாயில்லை, நவம்பரில் இன்னொரு பரீட்சை இருக்கிறது, பல்கலைக்கழகத்தோடு நான் பேசுகிறேன்" என்று முதுகைத் தடவினார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது: நான் அவருடைய யெஸ்ஸைப் படித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், அவர் என்னுடைய ஓமைப் படித்து வைத்திருக்கிறார்.

"ஐயோ, இல்லை! பாஸ்! பாஸ்!" என்று கத்தினேன்.

அவர் அந்தப் பச்சைக் கதிரையில் பொத்தென்று இருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.