ஜானகிராமன் வைத்த கோடு

நான்கு. ஒரு டெக்னீஷியனுக்கு நான்கு டயாலிசிஸ் மிஷின். லாஸ்பேட்டையில் இருக்கும் அந்தச் சின்ன மையத்தில் அதுதான் நிலவரம். ஆள் போடாதது முதலாளியின் குற்றம், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஜானகிராமனுக்கும் நான்கு, ஜாகிருக்கும் நான்கு.

ஜானகிராமன் பதினாறு வருடமாக ஊசி ஏற்றுகிறவர். ஒரே குத்தில் ரத்தக்குழாயைப் பிடித்துவிடுவார். இன்சார்ஜ் வேலை காலியானபோது அது தனக்குத்தான் என்று இருந்தார். போன மாதம் நோயாளிகள் இரண்டு பேருக்குக் கிருமி தொற்றிக் குளிர் ஜுரம் வந்தது. டாக்டர் சந்திரகலா கறாராகச் சொல்லிவிட்டார்: ஆளுக்கு ஆள் கையுறை மாற்றி, ஒழுங்காகக் கை கழுவுகிறவருக்குத்தான் இன்சார்ஜ்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த ஜாகிரின் பெயர் அடிபட ஆரம்பித்தது. ஜானகிராமனுக்கு வயிறு எரிந்தது. நோயாளிகள் வேறு, "ஜாகிர் தம்பி வரட்டும்" என்று கையை மடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"சிரிச்சுப் பேசியே மயக்கி வெச்சிருக்கான்" என்று முணுமுணுத்தார்.

ஒரு நாள் காலை முழுக்க அவன் மேலேயே கண்ணை வைத்தார். கை கழுவாமல் அவன் யாரைத் தொட்டாலும் சட்டைப்பை அட்டையில் ஒரு கோடு. மதியத்துக்குள் மூன்று கோடு. இனித்தது. கட்டில்களைப் பார்வையிட வந்த டாக்டரிடம் அட்டையை நீட்டினார்.

"பாருங்க மேடம், மூணு வாட்டி."

ஜாகிர் மறுக்கவில்லை. "ஆமா மேடம். அலாரம் அடிச்சுது, அப்படியே ஓடிட்டேன்."

"சரி, அவர நீங்க பாத்தீங்க. உங்கள யாரு பாத்தா?" என்று ஜானகிராமனைக் கேட்டார் டாக்டர்.

"நான் பாத்தேன்" என்றது ஜானகிராமனின் முதல் கட்டில். அதில் படுத்திருந்தவர் கருவடிக்குப்பத்தில் இட்லிக் கடை போடும் வேம்பு. "நாலு மணி நேரம் மல்லாந்து கெடக்குறேன். சீலிங்கயே எத்தினி நாளு பாக்குறது?"

"நீங்க சும்மா இருங்கம்மா."

"நீ சும்மா இருப்பா. போன மாசம் குளுருல நடுங்குனவ நானு. அந்தப் புள்ள கையவே பாத்துக்கினு இருந்தியே, ஒங்கைய எங்கப்பா வுட்ட?"

ஜானகிராமனுக்குக் காது சுட்டது. அப்போதும் ஜாகிரைத்தான் திரும்பிப் பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. அதையும் பொறுக்க முடியவில்லை.

"இவரு எத்தன வாட்டி கை கழுவாம விட்டாரு? சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

"பத்தொம்போது."