எல்லாம் லோகேஸ்வரி படித்தவை

தெராத்தாய் தோட்டத்து லோகேஸ்வரியைப் போல் படித்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, பட்டணத்து நூலகக் கணினி சொல்கிறது. ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வது, எஸ்பிஎம் பரீட்சை இரசாயனம், மோட்டார் எஞ்சின் பழுது, பேய்க்கதை, கர்ப்பிணிகள் சாப்பிட வேண்டியவை, பெரிய எழுத்து அ ஆ படப் புத்தகம் என எல்லாம் அவர் பெயரில்தான் போயிருக்கின்றன. அவருக்கு வயது ஐம்பத்தேழு. ஆடு கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

விஷயம் இதுதான். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குக் கரண்டு பில்லும் தண்ணி பில்லும் கம்பெனி பெயரில் வரும். நூலக அட்டை வேண்டுமென்றால் சொந்தப் பெயரில் ஒரு பில்லைக் காட்ட வேண்டும். தோட்டத்து ஓரமாக மலிவு வீடு வாங்கியிருந்த லோகேஸ்வரியிடம் மட்டும் அப்படி ஒரு பில் இருந்தது. அதனால் அட்டையும் அவரிடம் மட்டும் இருந்தது. வியாழக்கிழமைதோறும் பட்டணத்துப் பள்ளியில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நூலகத்துக்குப் போவார். சாயந்திரம் வேன் கதவைத் திறந்தால் லயமே சுற்றி நிற்கும். யாருக்கு எந்தப் புத்தகம், எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். புத்தகத்துக்குப் பேப்பர் உறை போட வேண்டும், எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, சாப்பிட்ட கையோடு தொடவே கூடாது. வேலை வாங்கும் பழைய காலத்து மண்டோரிடம்கூட இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசிவிடலாம்.

இப்படி இருக்கும்போதுதான் நூலகத்துக்குப் புனிதா மாற்றலாகி வந்தாள். மந்தின் ஊர்க்காரி, சின்ன வயசு, எதையும் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"ஆன்ட்டி, உங்க கார்டு முடியப் போவுது. புதுப்பிக்கணும். நாலு புத்தகம் வெளிய இருக்கு, அது வந்தாதான் புதுப்பிக்க முடியும்."

"கொண்டாறேன்."

புனிதா திரையைப் பார்த்தாள். லோகேஸ்வரியைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்களேதான் படிக்கிறீங்களா?"

"பின்ன?"

"கர்ப்பிணி புத்தகம்?"

"தெரிஞ்சு வச்சுக்கக் கூடாதா?"

"அ ஆ புத்தகத்த திரும்பத் திரும்ப எடுத்திருக்கீங்க."

"மறந்து மறந்து போவுது, என்ன பண்ண?"

புனிதா சிரிக்கவில்லை. "ஒருத்தர் கார்டு ஒருத்தருக்குத்தான் ஆன்ட்டி. கை மாறுதுன்னு தெரிஞ்சா ரத்து பண்ணிடுவாங்க. ஆனா இனிமே அதுக்கு அவசியமே இல்ல. பில் கேக்குறத நிறுத்திட்டோம். அடையாள அட்டை, ஐசி இருந்தா எல்லாருக்கும் கார்டு. சனிக்கிழமை உங்க தோட்டத்து டேவான் மண்டபத்துக்கே வந்து குடுக்குறோம்."

திரும்பி வரும் வழியெல்லாம் லோகேஸ்வரிக்கு அதே நினைப்பு. பில் இல்லாமல், பைசா வாங்காமல், வீடு தேடி வந்து எவன் எதைக் கொடுத்திருக்கிறான்? எல்லாருக்கும் அட்டை என்றால் வியாழக்கிழமை வேன் கதவைச் சுற்றி யார் நிற்பார்கள்? இதில் முதல் கேள்வியை மட்டும் தோட்டத்துக் கடை வாசலில் இறக்கி வைத்தார்.

"சும்மாவா தர்றான்?" என்றார் சன்னாசி. தோட்டத்து கேட்டில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எதிரே ஆள் வந்தால் கை தானாக உயர்ந்து நிறுத்தும்.

"சும்மாதான்."

"ஐசிய கேக்குறானா?"

"கேக்குறான்."

"அப்ப முடிஞ்சுது போ."

கடை வாசலில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். காரணம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் தொப்பியும் பேனாவும் கொடுத்து, ஐசியைப் பார்த்து, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மழைக்கு முன்னே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது.

"போறவங்க போங்கப்பா, நான் யாரையும் தடுக்கல" என்றார் லோகேஸ்வரி. தடுப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

"எனக்கு எதுக்குலா கார்டு?" என்றாள் பேய்க்கதை இல்லாமல் தூங்காத தாயம்மா. "எனக்கும் வேணாம்" என்றான் ஆடு வளர்க்கும் ஹேமநாதன். ஆளாளுக்குச் சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு அதே சந்தேகம் வேறு பக்கமாகத் திரும்பியது. அட்டை வேண்டாம் என்று இவள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாள்?

சனிக்கிழமை காலையிலேயே லோகேஸ்வரி வேனைக் கொண்டுபோய் டேவானுக்கு எதிரே மரத்தடியில் போட்டுக்கொண்டார். முன்வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புனிதா மேசையைப் போட்டாள், பதாகையைக் கட்டினாள். ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை. லோகேஸ்வரி ரம்புத்தானை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். வெயில் ஏறியது. அப்போதும் ஆள் இல்லை.

ஆனால் உள்ளேயிருந்து அட்டை அச்சடிக்கும் இயந்திரம் விடாமல் கரகரத்தது. ஆள் வராத இடத்தில் அது யாருக்காக அடிக்கிறது?

இறங்கி டேவானைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கல்யாணத்துக்குச் சமைக்கும் கொட்டகைப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. வாசலில் சிலிப்பர் குவியல். ரஃபியா கயிற்றால் வார் கட்டிய நீலச் சிலிப்பர் சன்னாசியுடையது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

உள்ளே லயம் மொத்தமும் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

"நான் சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்க்கா" என்று தாயம்மா புது அட்டையைச் சேலை மடிப்பில் செருகினாள்.

"ஒரு பாதுகாப்புக்கு வந்தேன்" என்றார் சன்னாசி. அவர் சட்டைப் பையிலும் ஒன்று எட்டிப் பார்த்தது.

லோகேஸ்வரி நேரே மேசைக்குப் போய்த் தன் பழைய அட்டையை நீட்டினார். "புதுப்பிச்சுக் குடும்மா."

"நாலு புத்தகம் ஆன்ட்டி?"

அந்த நாலையும் வைத்திருக்கிறவர்கள் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி, எடுங்கடா என் புத்தகத்தை என்று ஒரு சத்தம் போட்டால் போதும், நாலும் வந்துவிடும். ஆனால் அட்டை கை மாறியது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், அதோடு ரத்தாகிவிடும். சத்தம் போடாவிட்டால் புதுப்பிக்க முடியாது. லயத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் தரையில் ஏதோ விழுந்து கிடந்த மாதிரி இருந்தது.

"வீட்ல இருக்கு" என்றார் லோகேஸ்வரி.

"வர்ற வியாழக்கிழமைதான் கடைசி ஆன்ட்டி. அதுக்கப்புறம் இந்தக் கார்டு செல்லாது."

அவர் வீடு வீடாகப் போய்க் கேட்கவில்லை. அந்த அளவுக்கு இறங்கி வருகிற ஆள் இல்லை. சொந்த அட்டை வந்த பிறகு, யாரோ ஒருத்தியின் அட்டைக்காகப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு எவன் வருவான் என்ற சந்தேகமும் இருந்தது.

திங்கட்கிழமை ஹேமநாதன் ஆட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வேன் சீட்டில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனான். மறுநாள் தாயம்மா பேய்க்கதையை நீட்டினாள். "இனிமே நானே எடுத்துக்குவேன்க்கா. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?" அக்கறையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. லோகேஸ்வரி அதையும் நம்பவில்லை.

புதன்கிழமை பொழுது சாயும்போது சன்னாசி வந்தார். நாளிதழில் சுற்றிய பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வேனை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டிப் பார்த்து, கடைசியில் உள்ளே நீட்டினார். அ ஆ படப் புத்தகம்.

"பேரப்புள்ள படிச்சு முடிச்சிட்டானா?" என்றார் லோகேஸ்வரி. சன்னாசிக்குக் கல்யாணமே ஆகவில்லை. தோட்டத்தில் அவருக்குப் பேரப்பிள்ளை இருப்பது புத்தகம் கேட்கும்போது மட்டும்தான்.

"இன்னும் பாதிகூட வரல. நாளைக்குத் திருப்பிக் குடுத்துட்டு மறுபடி எடுத்துட்டு வாம்மா. ஒம் பேர்லயே எடு."

"ஒங்ககிட்டதான் கார்டு இருக்கே?"

"இருக்குலா. அந்தப் பொண்ணு ஸ்கிரீன்ல பேரோட காட்டுமாமே, சன்னாசி, அ ஆன்னு." குரலைத் தாழ்த்தினார். "கேட்டுல லாரி லாரியா எழுதினேன்னுதான் எல்லாரும் நெனச்சிட்டிருக்காங்க. நான் எழுதுனது நம்பர் மட்டும்தான்."

லோகேஸ்வரி பொட்டலத்தை சீட்டுக்கு அடியில் தள்ளினார். "எச்சி தொட்டுத் திருப்புனீங்களா?"

"சத்தியமா இல்ல."

மிச்சம் ஒன்று. வியாழக்கிழமை விடியலில் பிள்ளைகளை ஏற்றும்போது ஒரு பெண் தன் மகளை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தாமல் நின்றாள். துணிப்பையோடு கர்ப்பிணி புத்தகத்தை லோகேஸ்வரி மடியில் வைத்தாள்.

"அக்கா, கைக்குழந்தை வளக்குறதுக்கும் ஒண்ணு இருக்காமே. அதையும் ஒங்க பேர்லயே எடுங்க. இன்னும் அவர்கிட்டகூடச் சொல்லல."

அந்தப் பெண் யார் என்று எழுத மாட்டேன். அந்தத் தோட்டத்துக்கும் இந்தப் பத்திரிகை போகிறது.

நூலகத்தில் புனிதா நாலு புத்தகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புதுப்பிக்கும் தாளை நகர்த்தி, "இந்தக் கார்டை நீங்க மட்டும்தான் பயன்படுத்துனீங்கன்னு கையெழுத்து போடுங்க" என்றாள்.

"நான் மட்டும்தான்." சரசரவென்று போட்டார். வேன் கணக்கு எழுதிப் பழகிய கை, எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

புனிதா படப் புத்தகத்தைப் புரட்டினாள். நடுவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. பழைய லாரி பாஸ். பின்பக்கம் அ, ஆ, இ என்று கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் செம்பனைப் பழம் அளவுக்கு.

"இது?"

"நான் எழுதுனது."

புனிதா சீட்டைப் பார்த்தாள். ஈரம் காயாத கையெழுத்தைப் பார்த்தாள். லோகேஸ்வரி கண்ணை எடுக்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டு நின்ற பெண்மணி, தன்னை ஒருத்தி சந்தேகப்படும்போது எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

இயந்திரம் கரகரத்தது. சூடு ஆறாத புது அட்டையை நீட்டிவிட்டு புனிதா எழுந்து அலமாரிக்குப் போனாள். படப் புத்தகத்தின் மேல் இன்னும் இரண்டைச் சேர்த்துக் கொண்டுவந்தாள். ஒன்று குழந்தை வளர்ப்பு. இன்னொன்று, அ ஆ முடித்தவர்களுக்கு, சின்னச் சின்ன வார்த்தைகளோடு.

"இதையும் எடுத்துட்டுப் போங்க ஆன்ட்டி. நீங்க அடுத்து இதைத்தான் கேப்பீங்க."

"நான் கேக்கவே இல்லையே?"

"எல்லாம் நீங்கதான படிக்கிறீங்க?" என்று புனிதா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வேனில் ஏறி உட்கார்ந்த லோகேஸ்வரி உடனே கிளம்பவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.