இரண்டு வழியும் ஒரே பாலத்தில்

இந்த ஆண்டுத் தவக்காலம் தொடங்கியபோது என்னால் ஒரு கதிரையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க முடியவில்லை. அன்பான பங்கு மக்களே, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். திருப்பலியில் நற்செய்தி வாசிக்கும்போதே வெளியே போவேன். குளிரில் நின்று பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுவேன். உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள்.

என் பெயர் ஜெசிந்தா. மன்னாரில் பிறந்தவள். ஹவுன்ஸ்லோவில் கணவர் ராஜனோடும் மகளோடும் இருக்கிறேன். தொலைவில் உள்ள கட்டடங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புகளைத் திட்டமிடும் ஒரு சிறு கம்பனியில் பதினொரு வருடமாக வேலை. எந்தக் கேபிள் எந்தத் தெருவால் போக வேண்டும் என்று வரைபடம் போடுவது என் பொறுப்பு. எல்லாம் கைப்பழக்கத்தில் வந்த அறிவு. பட்டம் இல்லை. போன வருடம் கம்பனி ஒரு விதி கொண்டு வந்தது. வலையமைப்பு வடிவமைப்பின் கோட்பாட்டைப் படித்துப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை.

நாற்பத்து நான்கு வயதில் மறுபடி பாடப்புத்தகம். முதல் தடவை தோற்றேன். உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு இரண்டாவது தடவை. அதுவே கடைசி.

இரண்டு இடங்களுக்கு இடையே குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் பாடம் விளங்கியது. தரவுகள் நெரிசலில் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்ற பாடம் பாதி விளங்கியது. ‘வெட்டு’ என்ற அத்தியாயம் மட்டும் தலைக்குள் ஏறவேயில்லை. ஒரு வலையமைப்பை இரண்டாகத் துண்டிக்க ஆகக் குறைந்தது எத்தனை இடத்தில் வெட்ட வேண்டும்? அதுதான் அதன் உண்மையான பலம். வரியை மனப்பாடம் செய்தேன். கணக்கைச் செய்தால் பிழையாக வந்தது. சோறு வடிக்கும்போது ஒரு பக்கம், ரயிலில் ஒரு பக்கம், எதிலும் மனம் நிற்கவில்லை. மகள் பேசினால் எரிந்து விழுந்தேன். பிறகு குளியலறையில் அழுதேன்.

மடு மாதாவுக்கு நவநாள் தொடங்கினேன். “அம்மா, இந்த ஒரு பாடத்தை எனக்கு விளங்கப்பண்ணும். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.” ஒன்பது நாளும் இதே மன்றாட்டுத்தான்.

ஒன்பதாம் நாள் ஒரு சனிக்கிழமை. மகளின் புதுநன்மை விழாவுக்குச் சப்பாத்து வாங்க நானும் கணவரும் கிங்ஸ்டனுக்குப் புறப்பட்டோம். பாதிவழியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் வாகனங்கள் அசையவில்லை. என்னால் இருக்க முடியவில்லை. கணவரை இழுத்துக்கொண்டு இறங்கி, அடுத்த தெருவுக்கு நடந்து, வேறு வழியால் வரும் இன்னொரு பஸ்ஸில் ஏறினேன். அது கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அதுவும் நின்றது. தேம்ஸ் பாலத்தில் விபத்து.

கணவர் சிரித்தார். “இஞ்சரும், ரெண்டு பஸ்ஸும் அந்த ஒரு பாலத்தாலதானே ஆத்தைக் கடக்கோணும். பிறகேன் மாறினனீர்?”

இரண்டு வழி இருந்தும் வெட்டு ஒன்றுதான். பாடம் முழுதாக விளங்கிவிட்டது. அதற்குச் சந்தோஷப்பட ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஏனென்றால் நான் கையெழுத்து வைத்த ஒரு திட்டம் கண்முன் வந்தது. ஒரு சிறுநீரகச் சிகிச்சை நிலையத்தை மருத்துவமனையோடு இணைக்கும் திட்டம். ஒரு கேபிள் அறுந்தால் மற்றது காப்பாற்றும் என்று இரண்டு கேபிள் போட்டிருந்தேன். ஆனால் இரண்டும் அந்த ஊருக்குள் எந்த வழியால் நுழைகின்றன?

சப்பாத்து வாங்காமலே திரும்பினோம். வீட்டில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டும் ஒரு ரயில் பாலத்துக்குக் கீழே ஒரே குழாய்க்குள்ளால் போயின.

அடுத்த வாரம் வேலை முடித்துக் கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்தால் எவருக்கும் தெரியாது. பரீட்சைக்கு முன்னால் நானே போய்ப் பிழையை ஒப்புக்கொள்வதா? ஞாயிறு திருப்பலியில் மாதாவோடு கோபித்துக்கொண்டேன். நான் கேட்டது விளக்கம். எனக்குக் கிடைத்தது பயம்.

“சொல்லாமல் விட்டா உம்மால இருக்க ஏலுமே?” என்று கணவர் கேட்டார்.

“ஏலாது.”

“அப்ப சொல்லும்.”

திங்கள் காலை என் மேலாளர் சிவநேசன் அண்ணையின் மேசைக்குப் போனேன். யாழ்ப்பாணத்தவர், கண்டிப்பானவர். வரைபடத்தை அவர் முன்னால் விரித்தேன்.

“அண்ணை, அந்தக் கிளினிக் திட்டத்தில நான் பிழை விட்டிட்டன். ரெண்டு கேபிளும் ஒரே குழாய்க்குள்ளால போகுது.”

“நீர்தானே பார்த்துக் கையெழுத்து வைச்சனீர்?”

“ஓம், நான்தான்.”

வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். “இதை வேற ஆரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டினம்.”

“தெரியும் அண்ணை. அதுதான் சொல்ல வந்தனான்.”

இரண்டாவது கேபிளை வேறு தெருவால் கொண்டுபோனார்கள். வேலை மூன்று வாரம் பிந்தியது. திட்டங்களில் கையெழுத்து வைக்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது வலித்தது. பரீட்சையில் சித்தியடைந்தேன், மயிரிழையில்தான்.

கோடையில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேபிள்களைக் கண்காணிக்கும் திரையில் சிவப்பு எரிந்தது. அந்த ரயில் பாலத்தடியில் தெரு கிண்டிய இயந்திரம் முதல் கேபிளை அறுத்துவிட்டது. உடனே சிகிச்சை நிலையத்துக்குப் போன் எடுத்தேன். எடுத்த தாதிக்கு நான் ஏன் பதறுகிறேன் என்றே விளங்கவில்லை. கணினியும் போனும் எல்லாம் வேலை செய்கின்றன என்றார். அவருக்குப் பின்னால் நோயாளிகள் கதைத்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு விம்மி அழுதேன்.

சிவநேசன் அண்ணை வந்து பக்கத்தில் நின்றார். “உம்மட மாதாவுக்கு நீர் நன்றி சொல்லும். என்ர பிள்ளையாருக்கு நான் சொல்லுறன்,” என்றார்.

என் மனம் முழுதாக அமைதியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இன்றும் பரபரப்பு வரும். ஆனால் வெளியே ஓடுவதில்லை. அந்த இடத்திலேயே முழந்தாளிட்டு, “ஆண்டவரே, நான் காணாததை எனக்குக் காட்டும்,” என்று கேட்கிறேன். பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டேன். கையெழுத்து உரிமை போன மாதம் திரும்பி வந்தது.

சகோதரர்களே, சகோதரிகளே, உங்களில் யாருக்காவது சொல்லப் பயந்து வைத்திருக்கும் ஓர் உண்மை இருந்தால், இன்றே ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் வழி காட்டுவார். காட்டிவிட்டு, நீங்கள் நடுங்கிக்கொண்டு போக வேண்டிய அந்த மேசைவரை உங்களோடு கூட நடந்தும் வருவார்.