அவசரப் படகுக்கு வைத்த பாடு

பழவேற்காட்டுப் படகுத்துறையில் நான் ஜீப்பை விட்டு இறங்கினால் முதலில் வரும் கேள்வி, "இன்னா மேடம், புயலா?" என்பதுதான். மீன் வாங்க வந்தேன் என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். என்னைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், வலையை உள்ளே எடுத்து வைக்கலாமா என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். என் வேலை அப்படி. ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதாரம், பருவநிலை, பேரிடர் தாங்குதிறன் என்ற மூன்று திட்டங்களுக்கும் சேர்த்து இந்தப் பக்கத்துக்கு நான் ஒருத்திதான். காகிதத்தில்தான் அது மூன்று. ஏரிக்கு நடுவே இருக்கும் குப்பங்களில் மழை பிடித்துக்கொண்டால் மூன்றும் ஒரே கேள்வியாகிவிடும்: உடம்புக்கு முடியாதவரைக் கரைக்கு எப்படிக் கொண்டுவருவது?

அதற்காகத்தான் தீவில் இருக்கும் ஒரு குப்பத்துக்கு அவசரப் படகு ஒன்றைக் கொடுத்தோம். ஆரஞ்சு நிற ஃபைபர் படகு, புது எஞ்சின், படுக்க வைத்துத் தூக்க ஸ்ட்ரெச்சர், லைஃப் ஜாக்கெட்டுகள். டெல்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டினார், இறால் வறுவல் சாப்பிட்டார், போட்டோவுக்கு நின்றார், போனார். ஒரு கமிட்டியும் போட்டோம். கரையில் மீன் ஏலம் விடும் அந்தக் குப்பத்து அக்காதான் தலைவி. அவர் குரலுக்கு ஏரியே கட்டுப்படும் என்று சொல்வார்கள், அதனால் எனக்கு நிம்மதி.

சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் படகுக்குள் மழைத்தண்ணீர் பாசி பிடித்து நிற்கிறது. முனையில் ஒரு ஆடு சொகுசாகப் படுத்திருக்கிறது. எஞ்சினை இழுத்துப் பார்த்தால் இருமக்கூட இல்லை. லைஃப் ஜாக்கெட் ஒன்று யார் வீட்டிலோ தலையணை ஆகியிருந்தது. எனக்குச் சீக்கிரம் கோபம் வரும். அன்றைக்கு ஊரைத் திட்டி, கமிட்டியைத் திட்டி, கடைசியில் ஆட்டையும் திட்டினேன். ஆடு மட்டும்தான் எழுந்து போனது.

கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். "அது ஊர்ப் படகு மேடம், நாங்க எப்டி தொடறது?" என்றார் ஒருவர். "ஊர்ப் படகுனா ஊர்தானே தண்ணி எறைக்கணும்?" என்றார் அக்கா. "ஊர்னா யாரு, நானா?" என்று இன்னொருவர் எகிறினார். சத்தம் கூடிக்கொண்டே போனபோது பின்னால் இருந்து ஒருவர் நக்கலாகச் சொன்னார்: "அப்ப இதுக்கும் ஒரு பாடு வெச்சிடுங்களேன்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பாடு என்பது இங்கே மீன்பிடிப்பதற்கு வைத்திருக்கும் முறை. ஏரியில் இறால் விழும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை பிரித்துக்கொள்வார்கள். உங்கள் பாடு அன்று அந்த இடம் உங்களுடையது, வேறு யாரும் இறங்கக் கூடாது. நீங்கள் தூங்கிவிட்டால் அந்த நாள் போனது போனதுதான். நல்ல பாடு கிடைத்த நாளில் முகூர்த்தம் வைத்தால் மாப்பிள்ளையை ஏரியில்தான் தேட வேண்டும் என்று இங்கே கேலி செய்வார்கள்.

அதையே படகுக்கு வைத்தோம். மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். அன்று சாவி அவர்களிடம். காலையில் தண்ணீரை இறைத்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, அழைப்பு வந்தால் கிளம்ப வேண்டும். சிரித்தவர்களே முதல் நாள் யாருக்கு என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. சுழற்சி முறை என்று போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே வந்து அப்படிச் சொல்லாதீர்கள் என்று பதில் போட்டேன்.

அந்த வருஷ மழையில் ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. மாதம் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி நர்ஸும் நானும் வீடு வீடாகப் போனோம். ஒரு பெண் மட்டும் நாள் இருக்கிறது, அடுத்த வாரம் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அது தலைப்பிரசவம். புருஷன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தான், மாமனார்தான் துணை. நான் எவ்வளவோ கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஜீப்போடு படகுத்துறையில் காத்திருந்தேன். வாடைக்காற்று ஆளைத் தள்ளியது. ஏலக்கார அக்காவிடமிருந்து போன் வந்தது. "மேடம், அந்தப் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சி. தண்ணிக்குடம் ஒடஞ்சிடுச்சி."

"படகைக் கிளப்பச் சொல்லுங்க! இன்னைக்கு யார் பாடு?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசும் மனுஷி அவர். "அவ மாமனாருக்கு ஆவாதவரோடது" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

இவருக்கும் அந்தப் பெண்ணின் மாமனாருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. முறைக்கு மச்சான்கள், ஒன்றாக வலைக்குப் போனவர்கள். ஒரு தடவை இவருடைய பாடு அன்று மாமனார் கேட்காமல் கொள்ளாமல் இறங்கி வலை போட்டுவிட்டார். ஊர் கூடித் தப்புக்கு அபராதம் கட்ட வைத்தது. கட்டினார், ஆனால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்குக்கூட இவர் அந்த வாசலை மிதித்ததில்லை.

போனை வைக்காமல் அக்கா அங்கே நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமனார் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டி வந்துவிட்டார். அவர் தன் சொந்தப் படகை அவிழ்க்கிறார். அது சின்னப் படகு, இந்தக் காற்றுக்குத் தாங்காது. "யார் வந்தா என்ன, ஆரஞ்சுப் படகை எடுங்க! உங்க சண்டையை அப்புறம் போட்டுக்கோங்க!" என்று நான் நடுத்துறையில் நின்று கத்தினேன். அப்போது போனுக்குள் வேறு ஒரு குரல் கேட்டது. அன்றைய பாடு உள்ளவர்தான், சாவியோடு வந்துவிட்டார்.

"இன்னிக்கு என் பாடு. என் பாடு அன்னிக்கு வேற எவனும் எறங்கக் கூடாது."

அந்தப் பெண்ணை ஆரஞ்சுப் படகில் ஏற்றிவிட்டார்கள் என்று அக்கா சொன்னார். எஞ்சின் சத்தம் எனக்கே கேட்டது.

அதற்கப்புறம் காத்திருந்த நேரம் என் வாழ்க்கையிலேயே மோசமான நேரம். சாமியைக் கும்பிடும் பழக்கம் விட்டுப்போனவள் நான். அன்று கோயில், மாதா, தர்கா எதையும் விட்டுவைக்கவில்லை. மழைத் திரைக்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தபோது வாய்விட்டு அழுதேன். துறைக்குக் கொஞ்சம் முன்னால் படகு சேற்றில் தட்டி நின்றது. இந்தப் பக்கம் படகு ஓட்டி வந்தவரும் அந்தப் பக்கம் மாமனாரும் குதித்துத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. படகு வந்தது. ஸ்ட்ரெச்சரை ஜீப்பில் ஏற்றினோம். ரோட்டில் ஏறி நின்ற தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனோம். பொன்னேரியில் டாக்டர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தித் திட்டினார். பிறகு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. பெண் குழந்தை. எடை குறைவு, சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

படகு ஓட்டி வந்தவரை அடுத்த தடவை பார்த்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். "அதெல்லாம் வாணாம் மேடம். என் பாடு, நான் வந்தேன். அந்தாளு மூஞ்சிக்காக ஒண்ணும் வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சமாதானமாகிவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதக் கை அரித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தபோது இதுதான் மேல் என்று பட்டது. பிடித்தவர்களுக்கு மட்டும் ஓடும் படகை வைத்துக்கொண்டு புயலில் என்ன செய்ய? பிடிக்காதவர் வீட்டுக்கும் இது ஓடும். அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய நாளில் வெயில் பளிச்சென்று இருந்தது. தாயையும் பிள்ளையையும் மாமனாரையும் ஜீப்பில் படகுத்துறைக்குக் கூட்டி வந்தேன். கொண்டுபோன படகுதான் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. அன்றைக்கு வேறு வீட்டுப் பாடு. ஆனால் ஆரஞ்சுப் படகில் புயலன்று ஓட்டி வந்தவர்தான் உட்கார்ந்திருந்தார். கூட வந்திருந்த அக்கா என்னை ஓரமாக இழுத்து, "கேட்டு வாங்கிக்கினாரு மேடம். அதுக்குப் பதிலா தன்னோட எறால் பாட்டையே விட்டுக் குடுத்துட்டாரு" என்று காதில் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவரிடம் போய், "இன்னைக்கு உங்க முறை இல்லையே?" என்றேன். "எஞ்சின் சத்தம் சரியில்ல. இன்னானு பாக்கலாம்னு வந்தேன்" என்று எரிந்து விழுந்தார். எஞ்சின் ஓடவே இல்லை.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். குழந்தை மாமனார் கையில். அவர் முழங்கால் தண்ணீரில் படகைத் தொட்டும் தொடாமலும் நின்றார். ஏறவில்லை. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையை அழுத்தினேன்.

"மச்சான்" என்றார் மாமனார். "ஏறட்டுமா?"

மச்சான் தன் கையில் இருந்த எஞ்சின் எண்ணெயைத் துண்டில் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"மொதல்ல கொழந்தைய குடு. அப்பறம் நீ ஏறு" என்று இரண்டு கையையும் நீட்டினார்.