வேலூருக்குப் பேசப் போன பீபி ஜான்

பீபி ஜானுக்கு என்ன வந்தது என்று தேரடி வீதியில் யாரைக் கேட்டாலும் புருஷன் போன துக்கம் என்றுதான் சொன்னார்கள். சுத்தப் பொய். புருஷனுக்காக அழ வேண்டியதை எல்லாம் அவள் அழுது தீர்த்துவிட்டாள். அவளைப் படுக்க வைத்தது வேறு. அவள் உட்கார்ந்திருந்த இடத்தை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்கள்.

கணவர் ஜானி பாஷா அந்த வீதியில் வளையல் கடை வைத்திருந்தார். கடை அவர் பெயரில், வியாபாரம் அவள் கையில். கண்ணாடி வளையலைக் கை நோகாமல், உடையாமல் ஏற்றுவதற்கு அவளை விட்டால் ஊரில் ஆள் கிடையாது. கல்யாணம், வளைகாப்பு என்றால் கீழ்பென்னாத்தூரிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். அவள் முன்னால் கையை நீட்டிய எந்தப் பெண்ணும் மாமியாரைத் திட்டாமல் எழுந்து போனதில்லை. பீபி ஜானும் சளைத்தவள் இல்லை, தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்துவிடுவாள்.

1978-ல் பாஷா இறந்தார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலத்தை அவள் ஒழுங்காக இருந்து முடித்தாள். முடிந்த மறுநாள் காலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடைக்குக் கிளம்பினாள். மகன் ஜியாவுல்லா வாசலில் மறித்தான்.

"நீங்க இனிமே வர வேணாம்மா. வளைகாப்புக்கு வர்றவங்க புருஷன் இல்லாதவங்க கையால போட்டுக்க மாட்டாங்க. யாவாரம் கெட்டுடும். அஜ்மத் உக்காரட்டும், நீங்க ரெஸ்ட் எடுங்க."

அஜ்மத் பேகம் அவன் மனைவி. இவர்கள் மார்க்கத்தில் இப்படி ஒரு விலக்கே கிடையாது. வாடிக்கைக்காரர் ஒருவரும் வந்து வாய் திறக்கவுமில்லை. அவர்கள் சொல்லக்கூடும் என்று நினைத்து, அவர்கள் வழக்கத்தை இவனே முந்திக்கொண்டு வீட்டுக்குள் கொண்டு வந்தான். நல்ல பிள்ளைதான், அம்மாவைத் தாங்கினான். அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டிவிட்டுக் கடைக்குப் போயிருப்பாள்.

பீபி ஜான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, பேச்சும் நின்றது. இங்கேதான் உறவு ஜனம் ஒரு கூத்து அடித்தது. இத்தா முடிந்த பிறகும் வெளியே வராமல் கிடக்கிறாளே, என்ன பாசம், என்ன பக்தி என்று வாணியம்பாடியிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். தங்கள் மருமகள்களையும் கூட்டி வந்து காட்டினார்கள். ஒரு மனுஷி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தாள், இவர்கள் மெச்சிக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு நாள் மயங்கி விழுந்தாள். உள்ளூர் டாக்டர், "உடம்புல ஒண்ணும் இல்ல, மனசுதான் படுத்துடுச்சு. வேலூர் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பினார். அங்கே மனநல டாக்டர் சந்திரகலா கொஞ்சம் மாத்திரை எழுதினார். அதோடு வாரா வாரம் வந்து தன்னோடு பேச வேண்டும் என்றார்.

"பேசறதுக்கா? அதுக்கு எதுக்கு டாக்டரு, வீட்டுல ஆள் இல்லையா?" என்றான் ஜியாவுல்லா. ஆனாலும் கூட்டிப் போனான்.

முதல் சில வாரம் பீபி ஜான் வாயே திறக்கவில்லை. டாக்டரும் அவசரப்படவில்லை. பிறகு ஒரு நாள் கேட்டார்: "யாரை நெனைச்சா அழுகை வருதும்மா?"

"அழுகை வரல. கோவம் வருது."

"யார் மேல?"

"என் புள்ள மேல."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். வீட்டில் பேசுவது உருது. அதில் பிள்ளையைக் கோபித்து அவளுக்குப் பழக்கமில்லை. தமிழ் அவளுக்குக் கடையில் வந்த பாஷை. பேரம், சண்டை, சிரிப்பு எல்லாம் அதில்தான். அன்றைக்கு எல்லாவற்றையும் தமிழில் கொட்டினாள். கேட்டு முடித்த டாக்டர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப என்ன செய்யலாம்னு நெனைக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை.

டாக்டரிடம் அவள் மகனைப் பற்றிச் சொன்ன விஷயம் தெரிந்ததும் வீட்டில் ரகளை. "வீட்டு விஷயத்த வேலூர் வரைக்கும் போய்ச் சொல்லணுமா? நாலு பேருக்குத் தெரிஞ்சா பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?" என்று ஜியாவுல்லா கத்தினான்.

"சொல்லட்டும். போன வருஷம் பத்தினின்னு சொன்னாங்க. அதுக்கு இது தேவலை."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. "நீ கேட்டியா? அஜ்மத் உக்காரட்டும்னு முடிவு பண்ணிட்டுத்தானே வாசல்ல வந்து நின்னே" என்றாள்.

இனிமேல் கூட்டிப் போக மாட்டேன் என்று அவன் முறுக்கிக்கொண்டான். அவள் தனியாகவே பஸ் ஏறினாள். போளூர் தாண்டும்போது தலை சுற்றும், வாந்தி வரும். ஒரு வாரம்கூட விடவில்லை.

பிறகு ஒரு காலையில், வா என்று யாரும் அழைக்காமலே, கடைக்குப் போய் நின்றாள். எழுந்திருக்கவே மனசில்லாத காலைதான் அது. நோய் ஒன்றும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. அஜ்மத் பேகம் சட்டென்று எழுந்து இடம் விட்டாள். வளையல்களை உடைத்து உடைத்து அவளுக்கே அலுத்துப் போயிருந்தது.

முதலில் வந்தது கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மாள். கூட நிறைமாத மகள். வெள்ளையம்மாளும் கணவனை இழந்தவள், கை மூளியாக இருந்தது. மகளை முன்னால் விட்டு, தான் ஓரடி பின்னால் நின்றாள்.

"மருமவளையே போடச் சொல்லு பாயம்மா" என்றாள் தயங்கித் தயங்கி. "தப்பா நெனைச்சுக்காத. பாய் போயிட்டாரு இல்ல…"

"பாய்தான் போனாரு. என் கை இங்கதான் இருக்குது."

"அம்மா…" என்று கல்லாவில் இருந்தபடி பல்லைக் கடித்தான் ஜியாவுல்லா.

"நீ சும்மா இருடா." தெருவுக்கே கேட்டது, அதுவும் தமிழில்.

மகள் ஒரு கணம் தாயைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள். பீபி ஜான் அந்தக் கையை வாங்கி விரல்களைக் குவித்தாள். வளையல்கள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசி ஒன்றை அவள் போடவில்லை. வெள்ளையம்மாளிடம் நீட்டினாள்.

"இத நீ போடு."

"ஐயோ, நானா? ஆவாது பாயம்மா. வளைகாப்பு அன்னிக்கே நான் கூடத்துக்கு வரப்போறதில்ல."

"பெத்தவ நீ. நீ போடாம வேற யாரு போடுவாங்க?"

மகள் கையை அம்மா பக்கம் திருப்பினாள். வெள்ளையம்மாள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வளையலை வாங்கினாள்.

"கட்டைவிரலை உள்ள மடக்கு. அவ்ளோதான், தள்ளு" என்றாள் பீபி ஜான்.

வளையல் ஏறியது. வெள்ளையம்மாள் அழுதாள். எதிர்க்கடையில் எட்டிப் பார்த்தார்கள்.

"பாக்கட்டும்" என்றாள் பீபி ஜான். "அடுத்தது யாரு? வாங்க."