குங்குமம் வைத்த பக்கம்

நான்கு டயர்கள் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், மேலே செருகிய ஒரு சாமந்திப்பூ. டாக்டரம்மா வீட்டுக் கூடத்தில், டிவி வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் அவை இருந்தன. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, அவற்றைக் கடைக்கு எடுத்துப்போக நான் டாட்டா ஏஸ் வண்டியோடு போயிருந்தேன். புது ரப்பர் வாசனையும் சூட வாசனையும் சேர்ந்து வந்தன. எனக்கு அந்த வாசனை அன்று மிகவும் பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உத்திரமேரூரில் காஞ்சிபுரம் சாலையில் இருந்த ஒரு டயர் கடையில் அப்போது நான் ஃபிட்டர். டாக்டரம்மா மாட்டு டாக்டர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாடு ஈன முடியாமல் தவித்தாலும், ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் அவர்தான் போவார். அரசாங்க ஜீப் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் என்பதால் சொந்தக் காரிலேயே போவார். அந்தக் கார்தான் ஊருக்கே பேச்சு. சிவப்பு நிறம், சின்ன வண்டி, ஆனால் டர்போ. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, பின் சீட்டில் ரப்பர் பூட்ஸும் கயிறும் பினாயில் கேனும் போட்டுக்கொண்டு, அந்தக் காரில் ஏரிக்கரை வளைவுகளில் பறப்பதைப் பார்த்துப் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கிழவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். மரியாதைக்கா, பயத்துக்கா என்று யாரும் கேட்டதில்லை.

டயர் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட காலம் கிட்டத்தட்ட ஒரு மாதம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு வருவார். மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவர்கள் காத்திருக்கையில் எனக்கு போன் செய்து, ஒரு டயரின் பெயரைச் சொல்லி, அதன் ரப்பர் மெதுவா கெட்டியா என்று கேட்பார். மெதுவான ரப்பர் சாலையைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் நெடுநாள் உழைக்கும், மழையில் கைவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் அவருடைய கவலை. ஒருநாள் செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பந்தயத் தடத்துக்கென்று செய்த டயர். மொழுமொழுவென்று, கோடே இல்லாத மாதிரி இருந்தது.

"இது எப்படிப்பா? செமயா புடிக்குமாமே."

"மேடம், இது ரோட்டுக்கு ஆவாது. பக்கத்துலயே எழுதிக்கீது பாருங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான்."

"ஒண்ணுன்னா இன்னா ஒண்ணுன்னா? நல்லதா பேசேன்."

"மழைத் தண்ணி போறதுக்கு இதுல வழியே கெடையாது மேடம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அகலமான டயர் வேண்டும் என்றார். மட்கார்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போலீஸ் பிடிக்கும் என்றேன். எண்பதில் போகும்போது ஈரத்தில் பிரேக் அடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்றார். எண்பதில் ஏன் போக வேண்டும் என்று கேட்டுவிட்டேன். கன்றுக்குட்டியின் கால் மட்டும் வெளியே வந்து நிற்கும்போது நாற்பதில் போனால் அங்கே போய் மாலைதான் போடலாம் என்று சொல்லிவிட்டு, சீட்டில் அடுத்த கேள்விக்குப் போனார். கடைசியில் மழைக்கென்றே கோடுகள் வெட்டிய ஒரு டயரில் மனம் வைத்தார். அந்தக் கோடுகள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்கும். ஓடும்போது தண்ணீரை வாரி வெளியே தள்ளும். ஆனால் அது ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தங்கும், வண்டி சாலையை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிவிடும். எந்தத் திசை என்று காட்டப் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும். இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொன்னவன் நான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

டயர்கள் சென்னையிலிருந்து வந்த நாள் பூசைக்கு முந்தின நாள். டாக்டரம்மாவின் அம்மா, பூசைக்கு இல்லாத டயர் என்ன டயர் என்று வீட்டுக்கே இறக்கச் சொல்லிவிட்டார். நான்கையும் ஒரே மாதிரி சாய்த்துவைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்தில் பொட்டு வைத்திருந்தார். பூசைக்கு மறுநாள் நான் எடுக்கப் போனபோது வாசல் வரை வந்தார்.

"நைனா, குங்குமம் வச்ச பக்கம் வெளிய தெரியணும். உள்ள தள்ளி மாட்டிப்புடாத. தொடைக்கவும் தொடைக்காத. மழ பேஞ்சி அதுவா போனா போவட்டும்."

நான் தலையாட்டினேன். கடைக்கு வந்ததும், பூசை முடிந்த கையோடு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டே போனில் யாருக்கோ மாட்டுக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் நான்கு டயரையும் குங்குமம் வெளியே தெரியும்படி மாட்டினேன். அம்புக்குறி சந்தனத்துக்கு அடியில் இருந்தது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். அது வேண்டாமென்றால் கோடுகளையாவது பார்த்திருக்கலாம். என் கண் குங்குமத்தைப் பார்த்தது, வேறெதையும் பார்க்கவில்லை. எல்லா டயருக்கும் ஒரே பக்கத்தை வெளியே வைத்தால், இடப்பக்கம் இரண்டும் சரியாகச் சுற்றும், வலப்பக்கம் இரண்டும் தலைகீழாகச் சுற்றும். இதைச் சின்னக் குழந்தைக்குக்கூட விரலால் சுற்றிக் காட்டிப் புரியவைக்கலாம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, வண்டி புறப்பட்டது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் நின்றேன். காலையில் வாளி சாய்ந்து கொட்டிய சோப்புத் தண்ணீர் மேல் ஏறி அந்தக் கார் போயிருந்தது. சிமெண்டுத் தரையில் தடம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. இடது பக்கத் தடத்தில் கோடுகள் நடுவில் கூடும் கூர்கள் ரோட்டைப் பார்த்தன. வலது பக்கத் தடத்தின் கூர்கள் கடையைப் பார்த்தன. போனை எடுத்து டாக்டரம்மாவுக்கு அடித்தேன். அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார், அது அவருடைய கொள்கை. மாட்டாஸ்பத்திரிக்கு அடித்தேன். அங்கே உதவிக்கு இருந்தவர் எடுத்தார். "இப்பத்தான் கெளம்பிச்சி டாக்டரம்மா. காவாந்தண்டலத்துல பசுமாடு ஈன முடியாம கஷ்டப்பட்டுக்கினு கீதாம். அலறி அடிச்சிக்கினு ஓடுது" என்றார். முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு என் பைக்கை எடுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் தன் காரையே கொடுத்திருப்பார். ஆனால் அந்த ஊரில் இந்த மாதிரி டயர் மாட்டத் தெரிந்த ஒரே ஆள் என்று பெயர் வாங்கியிருந்தவன் நான்.

மழை ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் பிடித்துக்கொண்டது. முகத்தில் அறைந்த மழையில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினேன். சாலையின் பள்ளங்களில் தண்ணீர் கட்டி நின்றது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன், தெரியக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். கரைச் சரிவில் யாரோ காயப்போட்டிருந்த சிவப்புத் தார்ப்பாயைப் பார்த்து பைக்கை நிறுத்தி, இறங்கிப் போய்த் தொட்டே பார்த்துவிட்டேன். அவருடைய அம்மா வாசலில் நின்றதுதான் கண்ணுக்குள் வந்தபடி இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் ஏதேதோ செய்வதாகச் சொன்னேன். அதில் ஒன்றையும் இன்றுவரை செய்யவில்லை.

காவாந்தண்டலத்தில் ஒரு மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் கார் நின்றிருந்தது. ஒரு கீறல் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே டாக்டரம்மா தோள் வரை கையை விட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. "வந்தியா, இந்தக் கயிறப் புடி. நான் சொல்றப்போ இழு" என்றார். இழுத்தேன். மாட்டுக்காரரும் இழுத்தார். கன்று வெளியே விழுந்து, மூச்சில்லாமல் கிடந்து, டாக்டரம்மா வைக்கோலால் மூக்கில் குத்தியதும் தும்மியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாழ்க்கையில் கிடைக்காது.

"மேடம், பேலன்சிங்ல ஒரு சின்ன டவுட்டு. நான் வண்டிய எடுத்துக்கினு போய் செக் பண்ணிட்டு வூட்ல வுட்டுட்றேன், நீங்க இவரு வண்டியில வந்துடுங்க" என்றேன்.

அவர் கை கழுவிக்கொண்டே மாட்டுக்காரரைப் பார்த்தார். "பாத்துக்கோங்க. இந்த மழையில தேடிக்கினு வந்து கீறான். இந்தக் காலத்துல எவன் வருவான்?" என்று சொல்லி சாவியைக் கொடுத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. மாட்டோடு மல்லுக்கட்டிய களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, முப்பதுக்கு மேல் போகாமல் கடைக்கு ஓட்டிவந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, யாரும் பார்க்காமல் வலப்பக்க டயர் இரண்டையும் கழற்றித் திருப்பி மாட்டினேன். இப்போது குங்குமம் உள்ளே போய்விட்டது. டாக்டரம்மாவின் அம்மா பார்த்தால் கேட்பாரே. கடைப் பூசையில் மீந்திருந்த சந்தனத்தைக் குழைத்து, வெளிப்பக்கத்தில் அதே அளவில் நானே பொட்டு வைத்தேன். தப்பைச் செய்ததைவிட, அந்தப் பொட்டை வைத்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. கை அவ்வளவு நிதானமாக வைத்தது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா போன இடமெல்லாம் என் புகழ்தான். தானாகவே சந்தேகப்பட்டு மழையில் ஓடிவந்த பையன் என்று ஊசி போடும் வீட்டிலெல்லாம் சொல்லிவைத்தார். பால் வண்டிக்காரர்கள் வந்தார்கள், நெல் மிஷின் முதலாளி வந்தார். பிறகு நான் சொந்தமாகக் கடை போட்டபோது முதல் மாதமே கூட்டம். சில மாதங்களில் டாக்டரம்மா அந்தச் சிவப்புக் காரை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது.

போன ஐப்பசியில், மூன்று வருடத்துக்குப் பிறகு, அவர் என் கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரி ஜீப் பஞ்சர். டிரைவர் சக்கரத்தைக் கழற்ற, டாக்டரம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். உடம்பு இளைத்திருந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டேன், மறுபடி ஏன் நல்ல வண்டி ஒன்று வாங்கவில்லை என்று.

"ஓட்றதையே வுட்டுட்டேன்பா" என்றார். "கை நிதானம் போயிடுச்சி. நீ அன்னிக்குக் காவாந்தண்டலத்துக்கு வந்தியே, அதுக்கு முன்னாடி ஏரிக்கரையில தண்ணி நின்ன எடத்துல லேசாத்தான் பிரேக் தொட்டேன். வண்டி அப்படியே சுத்தி, மூஞ்சி ஏரியப் பாத்துக்கினு நின்னுச்சி. எங்கம்மாகிட்டகூட சொல்லல. நல்ல டயரு, ஒரு மாசம் பாத்துப் பாத்து எடுத்தது, நீ மாட்டினது. அப்போ தப்பு யார்மேல? என்மேலதானே. அப்புறம் மழைன்னாலே நாப்பதத் தாண்ட மாட்டேன். பழையசீவரத்துல ஒரு மாடு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள போயிடுச்சி. அந்த வூட்டம்மா என்னப் பாத்துக்கினே நின்னுச்சி. அதோட வித்துட்டேன்."

டிரைவர் ஸ்பானரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. மூன்று வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது என் பெயருக்கு. சரியான திசையில் சுற்றிய டயரும்கூட அந்தத் தண்ணீரில் வழுக்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வாயை மூடிக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது. அதை நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு சொன்னேன். அம்புக்குறி, குங்குமம், தடம், வயிற்றுவலி, நானே வைத்த பொட்டு, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஜீப் தயாராகிவிட்டது என்று டிரைவர் வந்து நின்றும் எழுந்திருக்கவில்லை. வலது கையை மடியில் வைத்து, விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

"மூணு வருசமா இந்தக் கைய நான் நம்பலப்பா" என்றார்.